மரம் வேஷம் போட்ட அண்ணன்

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆங்கில வழிப் பள்ளிக்கூடம் என்றால் உடனே நம்பிவிடுவீர்கள். அந்த வகைதான் அது. அதன் தாளாளர் ஒரு சிறுத்தை, பெயர் வேங்கடபதி. அங்கே படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருடைய தாத்தாக்களை அவருடைய தாத்தா சாப்பிட்டிருக்கிறார். ஆனால் பிள்ளைகளின் படிப்பு என்று வந்துவிட்டால் பழசை யாரும் கிளறுவதில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா வந்தது. ஆண்டு விழா என்றால் வரவேற்பு நடனம், பொன்னாடை, தாளாளர் மகனுக்குப் பரிசு, நடுவே ஒரு நாடகம். நாடகத்துக்குப் பொறுப்பு மைனா டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, அதனால் யாரையும் எதிர்த்துப் பேச மாட்டாள். மற்றபடி நல்லவள்.

அவள் மேல்நாட்டுப் பழங்கதை ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஒரு அண்ணன், ஒரு தங்கை. பஞ்சம் தாங்காத பெற்றோர் இருவரையும் காட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் அலைந்து திரிந்து, தின்பண்டங்களால் கட்டிய ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த வீட்டுக் கிழவி அண்ணனைக் கூண்டில் அடைத்துத் தீனி போடுகிறாள். அவனை அடுப்பில் வைக்கப் போகிற நேரத்தில் தங்கை கிழவியைத் தள்ளிவிட்டு அண்ணனைக் காப்பாற்றுகிறாள். இவ்வளவுதான் கதை.

நடிக்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் குற்றாலிங்கம் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தான். ஒன்றாம் வகுப்பில் அவன் தங்கை செண்பகம். தங்கையின் புத்தகப் பையையும் தன் முதுகு முள்ளில் மாட்டிக்கொண்டுதான் தினமும் வருவான். ஒத்திகையில் அவள் கிழவியைத் தள்ளிவிட்டு ஓடி வந்து "அண்ணா!" என்று கூப்பிட்டபோது மைனா டீச்சரே அடுத்த காட்சியை மறந்து கை தட்டினாள்.

மறுநாள் தாளாளர் ஒத்திகை பார்க்க வந்தார்.

"அண்ணன் வேஷம் யாரும்மா?"

"குற்றாலிங்கம், சார். நிஜத்துலயும் அந்தப் பொண்ணுக்கு அண்ணன்தான்."

"நிஜத்துலயே அண்ணனா இருக்கறவன் அண்ணனா நடிக்கறதுல என்னம்மா திறமை இருக்கு? எங்க ரித்தீஷ் ஒத்தப் பிள்ளை. தங்கச்சின்னா என்னன்னே அவனுக்குத் தெரியாது. அவன் செஞ்சாத்தானே அது நடிப்பு!"

மைனா டீச்சருக்கு இதற்குப் பதில் தெரிந்திருந்தது. வேலையும் வேண்டியிருந்தது.

"அப்ப குற்றாலிங்கத்துக்கு, சார்?"

"காடுன்னா மரம் வேணாமா?"

மரம் என்பது ஆண்டு விழாக்களில் மிக முக்கியமான வேஷம். வேஷம் கிடைக்காத எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் போடுகிறார்கள். அந்த மேடைக்குப் பின்னால் நிஜமான வேங்கையும் தேக்கும் வானம் முட்ட நின்றன. படம் எடுத்தால் பச்சை சரியாக விழாது என்று அவற்றை நீலத் துணி போட்டு மறைத்துவிட்டு, அதற்கு முன்னால் பிள்ளைகளைச் சாக்குக்குள் இறக்கி, கையில் கிளையைக் கட்டி, வரிசையாக நிறுத்துவார்கள். காட்டில் இருப்பவர்களுக்குக் காட்டைக் காட்டுவது அவ்வளவு சுலபமில்லை.

அடுத்தபடியாகத் தாளாளரின் மனைவி வந்தாள்.

"எங்க வீட்டுப் பிள்ளை கூண்டுக்குள்ளயா, டீச்சர்? எங்க மாமனார் கடைசியா வனத்துறைக் கூண்டு வண்டியிலதான் போனாங்க. அந்தப் பேச்சையே நாங்க வீட்டுல எடுக்கறதில்ல. பெரிசா ஒண்ணும் மாத்த வேணாம். அந்தப் பொண்ணு உள்ள இருக்கட்டும், ரித்தீஷ் வந்து காப்பாத்தட்டும்."

கதையின் உயிரே போய்விட்டது. மைனா டீச்சர் "சரிங்க மேடம்" என்றாள்.

"இன்னொண்ணு. கையைப் பிடிச்சுக்கிட்டு வர்ற சீன் இருக்குல்ல? அதுக்கு உடம்பெல்லாம் முள்ளு. குழந்தையைக் குத்திடாதா?"

ஆகவே செண்பகத்தின் முட்களை அழுத்திப் படிய வைத்து, மேலே பஞ்சு சுற்றி, அதன்மேல் துணி சுற்றி, எல்லாவற்றுக்கும் மேலே ரோஸ் கவுன் மாட்டினார்கள். தலையணைக்கு உறை போட்ட மாதிரி இருந்தாள். கையைத் தூக்கக்கூட முடியவில்லை.

"டீச்சர், முதுகு அரிக்கி" என்றாள்.

"விழா முடியற வரைக்கும்தான்டா கண்ணு."

குற்றாலிங்கத்துக்கு வேஷம் போனது வருத்தம்தான். ஆனால் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "டீச்சர், நான் தங்கச்சி பக்கத்துல நிக்கிற மரமா இருக்கட்டா?" அடுப்புக்குப் பக்கத்தில் டீச்சர் அவனுக்கு இடம் கொடுத்தாள். "ஆனா ஞாபகம் வச்சுக்கோ. மரம் பேசாது, மரம் நகராது."

அவன் அப்பா மாசிலாமணியும் வீட்டில் அதையே சொன்னார். "மரம்னா என்னலே? மேடையில நிக்கியா இல்லியா? ஆடாம அசையாம நில்லு. பெரியவங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க. அடுத்த வருசம் வசனம் குடுப்பாங்க."

வசனம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மேடையேறினால் பிள்ளைகளுக்கு வசனம் மறந்துபோகும் என்று, எல்லாரையும் முன்கூட்டியே பேச வைத்துப் பதிவு செய்துவிடுவது அங்கே வழக்கம். விழா அன்றைக்கு ஒலிபெருக்கியில் அது ஓடும். பிள்ளைகள் வாயை மட்டும் அசைக்க வேண்டும். யாரும் தப்பாகப் பேசிவிட முடியாது. நிஜமாகவே எதையாவது சொல்ல வேண்டியிருந்தால் அதையும் சொல்ல முடியாது. ரித்தீஷின் குரல் கீச்சென்று இருந்ததால் அவனுக்குப் பதில் வெளியூர்ச் சிங்கக்குட்டி ஒன்றை வரவழைத்துப் பேச வைத்தார்கள்.

அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டி. மூங்கில் சட்டம் அடித்து, கறுப்புத் தாள் ஒட்டி, கதவுக்கு வெளியே ஒரு தாழ்ப்பாளும் வைத்திருந்தார்கள். பின்பக்க ஓட்டை வழியாகக் கொஞ்சம் சாம்பிராணிப் புகை. நாடகம் தொடங்குவதற்குச் சற்று முன் தாளாளர் வந்து பார்த்தார். "இந்தப் புகை வீடியோவுல தெரியவே தெரியாதே" என்று சொல்லி, தூபக்காலில் தன் கையாலேயே ஒரு பிடி சாம்பிராணி அள்ளிப் போட்டுவிட்டுப் போனார்.

சிறப்பு விருந்தினர் ஒரு காட்டெருமை. தாமதமாக வந்து, உடன்பிறப்புப் பாசத்தைப் பற்றி வெகு நேரம் பேசினார். ஒரு குட்டைக்காகச் சொந்தத் தம்பி மேல் அவர் போட்ட வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கை தட்டினார்கள்.

நாடகம் தொடங்கியதும் பெற்றோர் எல்லாரும் கைப்பேசியைத் தூக்கினார்கள். மேடையிலிருந்து பார்த்தால் ஒரு முகம்கூடத் தெரியவில்லை. பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டுப் போகும் காட்சியில் ஒரு பன்றியம்மா விசும்பி விசும்பி அழுதாள். அவளுடைய கடைசிக் குட்டியை அவள் வாகன நிறுத்தத்தில் மறந்துவிட்டு வந்திருந்தாள், அது வேறு விஷயம்.

கிழவியாக நடித்த குரங்குப் பெண் செண்பகத்தை அடுப்புப் பெட்டிக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். ரித்தீஷ் ஓடி வந்து கிழவியைத் தள்ளினான். அந்த ஒன்றை மட்டும் அவன் ஆசை ஆசையாகப் பழகியிருந்தான். அவள் மேடையிலிருந்தே கீழே விழுந்து, எழுந்து, பஜ்ஜிக் கடைப் பக்கம் போய்விட்டாள். இனி அவன் தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும்.

"ரித்தீஷ்! இங்க பாரு! அம்மாவைப் பாரு!"

அவன் திரும்பிச் சிரித்தான்.

"அத்தையைப் பாரு, கண்ணா! இடுப்புல கை வையி!"

வைத்தான். சித்தப்பாவுக்காக ஒருமுறை இந்தப் பக்கமும் திரும்பினான்.

பெட்டிக்குள் புகை நிறைந்துகொண்டிருந்தது. செண்பகம் இருமினாள், கூப்பிட்டாள், உதைத்தாள். பஞ்சு சுற்றிய காலால் உதைத்தால் என்ன கேட்கும்? அவளுடைய முட்கள் மட்டும் வெளியே இருந்திருந்தால் அந்த அட்டையை அவளே கிழித்திருப்பாள். ஒலிபெருக்கியில் அவளுடைய குரல்தான் தேனாக ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணா! நீ வருவாய் என்று எனக்குத் தெரியும், அண்ணா!"

சபையே உருகியது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மரத்துக்கு மட்டும் இரண்டு குரலும் கேட்டது.

"டீச்சர்" என்றான் குற்றாலிங்கம். டீச்சர் திரைக்குப் பின்னால், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை.

"ஏலே, பேசாத. மரம்லா நீ" என்றது அடுத்த மரம். அது ஒரு முயல்.

குற்றாலிங்கம் கூட்டத்தில் அப்பாவைத் தேடினான். மாசிலாமணி ஒரு கையிலிருந்த கைப்பேசியை முகத்திலிருந்து சற்று விலக்கி, இன்னொரு கையால் அசையாதே என்று சைகை காட்டினார். தாளாளருக்குப் பயம், அப்பாவுக்குப் பயம், அடுத்த வருஷ வசனம் போய்விடுமோ என்றும் பயம். அப்போது பெட்டிக்குள் இருமல் நின்றுவிட்டது. அதற்கு மேல் அவன் எதையும் யோசிக்கவில்லை.

கால் சாக்குக்குள். கைகள் இரண்டும் கிளை. அவன் தத்தித் தத்திப் பெட்டிப் பக்கம் போய், திரும்பி நின்று, முட்களை மொத்தமாகச் சிலிர்த்து, முதுகால் ஓங்கி மோதினான். சாக்கு கிழிந்தது. மறுபடியும் மோதினான். அட்டை கிழிந்தது, மூங்கில் முறிந்தது. புகை மேடையெல்லாம் பரவியது.

"ஏய், மரம்! மறைக்குது!"

"என் பிள்ளை தெரியவே மாட்டேங்குதே! மரத்தை உக்காரச் சொல்லுங்க!"

"யாரு வீட்டு மரம் அது?"

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

புகை கலைந்தபோது செண்பகம் மேடையில் கிடந்து இருமிக்கொண்டிருந்தாள். தூக்கக் கையில்லாத அண்ணன் குனிந்து அவள் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கி தன் பாட்டுக்கு ஓடியது. "என்னைக் காப்பாற்றிய அண்ணனுக்கு நன்றி!" செண்பகமும் அதையேதான் சொன்னாள், மரத்தைப் பார்த்துச் சொன்னாள். அன்றைக்கு அவளுடைய வாயசைவும் பதிவான குரலும் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான். கைதட்டல் பறந்தது. ரித்தீஷ் முன்னால் வந்து குனிந்து வணங்கினான்.

'சிறந்த அண்ணன்' கோப்பை அவனுக்குத்தான். "தங்கை அடுப்புக்குள் இருக்கும்போதும் இந்தக் குழந்தையின் முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. என்ன ஒரு நிதானம்!" என்றார் காட்டெருமை. தன் தம்பியைப் பற்றி நினைத்தாரோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விழா முடிந்ததும் தாளாளர் குற்றாலிங்கத்தைக் கூப்பிட்டார். அப்பாவும் கூட வந்து நின்றார்.

"மரம் எதுக்குடா நகர்ந்துச்சு?"

"தங்கச்சி உள்ள இருந்தா, சார்."

"மரத்துக்கு ஏதுடா தங்கச்சி?"

குற்றாலிங்கம் மைனா டீச்சரைப் பார்த்தான். டீச்சருக்கு எல்லாம் தெரியும். அவள்தான் செண்பகத்தின் முகத்தில் தண்ணீர் தெளித்தவள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாடகத்துல அப்படி இல்லையேப்பா" என்றாள்.

"மன்னிச்சுக்கிடுங்கய்யா" என்றார் மாசிலாமணி. "வளத்ததுல எங்கயோ தப்பு நடந்துபோச்சு."

தாளாளருக்கு நல்ல மனசு. பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பவில்லை. "அடுத்த வருஷம் இவனைப் பாறையாப் போடுங்க. கையில ஒண்ணும் கட்ட வேணாம், மேலே ஏதாவது கனமா வச்சிருங்க" என்றார். அடுத்த வருஷத்துக்கும் மகனுக்கு ஒரு வேஷம் உறுதியானதில் மாசிலாமணிக்குச் சந்தோஷம்.

வீட்டில் மாசிலாமணி தான் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார். எல்லாரும் ரித்தீஷைப் பெரிதாக்கி எடுத்தார்களே என்று அவரும் அவனைத்தான் எடுத்திருந்தார். செண்பகத்தைக் காணவே காணோம். ஒரே ஒரு இடத்தில், ஓரத்தில், பழுப்பாக ஏதோ தத்திப் போனது.

"இந்த ஒரு இடந்தான் கெட்டுப்போச்சு" என்றார் அவர்.

செண்பகம் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள். இருமல் இன்னும் நிற்கவில்லை. "அப்பா, இந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவ போடுங்கப்பா" என்றாள்.

நீதி: தங்கையைக் காப்பாற்றப் போகிறவன், யாருடைய படத்தையும் மறைக்காமல், ஓரமாகப் போய்க் காப்பாற்ற வேண்டும்.