பை சிஸ்டரின் கெட்டிமேளம்

கடவுள் எல்லோருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் வெட்கத்தைக் கொடுத்துத்தான் பூமிக்கு அனுப்புகிறார். பை சிஸ்டர் பிறந்த அன்றைக்கு அந்தச் சரக்கு ஸ்டாக் இல்லை. தொண்ணூறுகளில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தவர். அப்பா அம்மா வைத்த பேர் வேறு ஏதோ இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. வயிற்றில் பை ஒட்டிக்கொண்டு பிழைத்தவர்களெல்லாம் அவர் பொறுப்பு, அதனால் பை சிஸ்டர்.

நான் அவர் கையில் சிக்கியபோது எனக்கு இருபத்தெட்டு வயது, கல்பாக்கத்தில் டெக்னீஷியன் உத்தியோகம். மலக்குடலில் கட்டி என்று ஆபரேஷன் செய்து, கழிவு வெளியேற இடது அடிவயிற்றில் புதிதாக ஒரு வாசல் வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். ஆயுசுக்கும் இனி அதுதான் வழி. பிழைத்தேனே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

காரணம், தங்கையின் கல்யாணம். திருப்போரூரில் மண்டபம் பேசி முடித்தாகிவிட்டது. அப்பா இல்லாத வீடு. மணமேடையில் அவள் கையில் பொரி போட அண்ணன் என்று நான் ஒருத்தன்தான். இந்தப் பையோடு நான் எப்படி மேடை ஏறுவது? வாடை வந்தால்? கழன்றுவிட்டால்? எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் சத்தம். அந்தப் புது வாசலுக்குக் கட்டுப்பாடு என்பதே கிடையாது. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பேசும், பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொந்தக்காரர்கள் வரும்போது இன்னும் உற்சாகமாகப் பேசும். நான் கல்யாணத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அண்ணன் வராவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். நடுவில் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

விஷயம் பை சிஸ்டர் காதுக்குப் போயிற்று. சதுரங்கப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். கடலோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய குரல். வார்டே கேட்க என் கட்டிலுக்கு வந்து நின்றார்.

"இன்னா நைனா, தங்கச்சி கல்யாணத்துக்குப் போவமாட்டியாமே?"

"சத்தம் வரும் சிஸ்டர்" என்றேன், முடிந்தவரை மெதுவாக.

"வரட்டுமே. கல்யாணத்துல எவனாச்சும் தும்முனாலே மேளத்தத் தட்டி அமுக்கிடறாங்கோ. உன் வயித்துக்குத் தட்டமாட்டாங்களா?"

அன்றிலிருந்து பயிற்சி ஆரம்பம். வேட்டி இறுக்கினால் பை நசுங்குமே என்றேன். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பட்டுக்கரை வேட்டியோடு வந்தார். வெள்ளைச் சேலைக்கு மேலேயே ஒரு பையை ஒட்டிக்கொண்டு, அதற்கும் மேலே வேட்டியை ஏற்றிக் கட்டி, வார்டுக்குள் மாப்பிள்ளை நடை நடந்து காட்டினார். பெரிய டாக்டர் உள்ளே வந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். பை மாற்றுவது, சுற்றிலும் தோல் புண்ணாகாமல் துடைப்பது, எதைத் தின்றால் காற்று சேரும் என்பது எல்லாம் பாடம். மொச்சையும் முட்டைக்கோஸும் என் எதிரிகள் ஆயின. முக்கியமாக, பயந்துகொண்டு பட்டினி கிடக்கக் கூடாது. காலி வயிறுதான் அதிகம் பேசும் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்.

புண் ஆறிய பிறகு ஒருநாள் என்னைத் திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் ஏற்றினார். நல்ல கூட்டம். என் காதருகே குனிந்து, "இந்த பஸ்ல உன்னியத் தவிர இன்னொரு ஆளும் பை போட்டுகினு கீது. யாருன்னு கண்டுபுடி" என்றார்.

எனக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. கண்டக்டரின் தோல்பைக்குப் பின்னால் ஏதோ உப்பலாகத் தெரிந்தது. ஜன்னலோரத்துப் பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தார். தடித்த ஓர் அம்மாள், "இன்னாய்யா அப்பிடிப் பாக்கற?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். இறங்கும்போது தோல்வியை ஒப்புக்கொண்டேன். பை சிஸ்டர் சேலை மடிப்பை லேசாக விலக்கிக் காட்டினார். உள்ளே பை, பைக்குள் கேழ்வரகுக் கூழ்.

"காலைலேந்து போட்டுகினு சுத்தறேன். வயித்த வயித்தப் பாத்துகினு வந்தியே, உன்னாலயே கண்டுபுடிக்க முடில. வேற எவன் கண்டுபுடிக்கப் போறான்?"

அன்றைக்குத்தான், பல வாரங்களுக்குப் பிறகு, நிமிர்ந்து நடந்தேன். கூழை என்ன செய்தார் என்று கேட்கும் துணிச்சல் மட்டும் எனக்கு இன்றுவரை வரவில்லை.

கல்யாண நாள் வந்தது. இத்தனை பாடம் படித்தவன் என்ன செய்தேன் தெரியுமா? பயத்தில் முந்தின நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. மேடையில் தங்கைக்குப் பின்னால் நின்றேன். தாலித் தட்டு சபையில் ஆசீர்வாதம் வாங்கி அப்போதுதான் மேடைக்குத் திரும்பியிருந்தது. எல்லோர் கையிலும் அட்சதை. ஐயர் மந்திரம் சொல்வதற்காக மேளத்தை நிறுத்தச் சொன்னார். மண்டபம் கப்சிப் என்று ஆனது.

என் வயிறு பேசியது. சாதாரணப் பேச்சில்லை. கிளம்ப மறுக்கிற பழைய ஸ்கூட்டரை உதைத்த மாதிரி, இழுத்து இழுத்து, நிறுத்தி நிறுத்தி.

ஐயர் பாதி மந்திரத்தில் நின்றார். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். தங்கையின் தோள் விறைத்தது. எனக்கோ அந்த நிமிஷமே பின்வாசல் வழியாக ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

முன்வரிசையில் கிளிப்பச்சைப் பட்டுச்சேலையில் பை சிஸ்டர் எழுந்து நின்று ஆள்காட்டி விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குரலுக்கு யார் மறுப்புச் சொல்ல முடியும்? நாதஸ்வரக்காரர் ஊதினார், தவில்காரர் விளாசினார், சனம் அட்சதையை வாரி இறைத்தது. மாப்பிள்ளை பதறிப்போய், ஐயர் எடுத்துக் கொடுக்கும்வரைகூடக் காத்திராமல், தட்டிலிருந்த தாலியை எடுத்துக் கட்டியே விட்டார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல காலம், முகூர்த்தம் ஆரம்பித்திருந்தது. விட்ட மந்திரத்தை வேகமாகச் சொல்லி ஈடுகட்டினார். அந்த அமளியில் என் வயிறு இன்னும் ஏதேதோ பேசியிருக்கும், எனக்கே கேட்கவில்லை.

பொரி போடும்போது தங்கை தலையைக் குனிந்தபடி, "உன் வயித்துப் புண்ணியத்துல எனக்குச் சீக்கிரமே கல்யாணம் ஆயிடிச்சுண்ணா" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. பார்த்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள். அதுவும் உண்மைதான்.

மேடையை விட்டு இறங்கியதும் பை சிஸ்டர் என் கையைப் பிடித்தார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். படித்துப் படித்துச் சொன்னேனே என்று திட்டிக்கொண்டே பந்திக்கு இழுத்துப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, நான் பொங்கலை முடிக்கும்வரை எழுந்திருக்க விடவில்லை. யார் அந்த அம்மா என்று கேட்ட உறவுக்காரர்களிடம், ரொம்ப நெருங்கின சொந்தம் என்றாள் அம்மா.

சில வருஷம் கழித்து அதே மண்டபத்தில் என் கல்யாணம். பெண்ணிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தேன். முன்வரிசையில் அதே கிளிப்பச்சைச் சேலை. மடியில் விரல் தயாராக இருந்தது. அவர் உத்தரவுப்படி அன்று காலை இட்லி சாப்பிட்டிருந்ததால் என் வயிறு வாயே திறக்கவில்லை. உரிய நேரத்தில் ஐயர் சொல்ல, மேளம் முழங்கியது. தாலி கட்டும்போது எனக்குள் ஒரு சின்ன ஏமாற்றம். அவர் எனக்காக எழுந்து நின்று விரலை ஆட்டுவதை இன்னொரு தடவை பார்க்க ஆசைப்பட்டிருந்தேன்.