மேனேஜர் கவுண்டரும் மூட வந்த இரண்டு பேரும்

வெள்ளைக்காரன் ராஜ்யத்தில் யாருக்கும் அடங்காத கல்வி இலாகா ஒன்று இருந்தது என்றால் நம்புவீர்களா? கொல்லிமலையில் இருந்தது. அதற்கு டைரக்டர், இன்ஸ்பெக்டர், மணி அடிக்கும் பியூன் எல்லாம் ஒரே ஆள். சாமையும் மிளகும் விளைவிக்கும் மலைக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதாவது இருந்திருக்கும். மலைக்கும் எங்கள் ஆபீசுக்கும் அவர் மேனேஜர் கவுண்டர்.

நான் அப்போது அடிவாரத்து டவுன் ஒன்றில், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஆபீசில் குமாஸ்தா. கவுண்டரை முதலில் சந்தித்தது மனுக்களில்தான். வாசலூர்பட்டிக்கு மேலே அவருடைய பழைய தானியக் கொட்டகையில் தாலுகா போர்டு பள்ளிக்கூடம் நடந்தது. கொட்டகை என்னுடையது, அதனால் பள்ளிக்கூடமும் என்னுடையது என்பது அவர் சட்டம். அவர் சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதுவார். வாரம் ஒரு மனு மிளகு மூட்டையோடு மலை இறங்கி வரும்.

முதல் மனு சூரியனைப் பற்றியது. பாடப் புத்தகத்தில் சூரியன் காலை ஆறு மணிக்கு உதிக்கிறது என்று போட்டிருந்ததாம். எங்கள் ஊரில் ஏழரைக்குத்தான் மேட்டைத் தாண்டுகிறது, பிள்ளைகளுக்குப் பொய் சொல்லித்தர சம்மதமில்லை என்று எழுதியிருந்தார். எங்கள் ஆபீசில் எந்த மனுவுக்கும் ஒரே பதில்தான்: "தக்க நடவடிக்கை எடுக்கப்படும்." அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சூரியன் மேல் சர்க்கார் நடவடிக்கை எடுக்கப் போகிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டார் மனுஷர்.

ராஜாவின் பிறந்தநாளுக்கு விடுமுறை விட மறுத்தார். "ராசாவுக்குப் பொறந்தநாளுன்னா ராசா ஊட்டுல லீவு உட்டுக்கட்டுமுங்க. இங்க எதுக்கு?" மிளகு பறிக்கும் நாளில் மட்டும் தாராளமாக விட்டார். தினமும் காலையில் தடியும் கையுமாக வாசலில் நின்று ஆஜர் எடுப்பார். முதலில் வாத்தியாருக்கு, அப்புறம் பிள்ளைகளுக்கு. வாத்தியார் தாமதமாக வந்தால் பெஞ்சு மேல் ஏற வேண்டும். அந்த ஒரு காட்சிக்காகவே பிள்ளைகள் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தார்கள்.

இப்படி இருக்கும்போது சர்க்கார் தாலுகா போர்டுகளைக் கலைத்தது. மலைப் பள்ளிக்கூடம் அநாதையாயிற்று. அதை நடத்துவது யார் என்று கேட்டால் ஜில்லா போர்டு எங்கள் இலாகாவைக் கை காட்டியது, நாங்கள் ஜில்லா போர்டைக் கை காட்டினோம். சரி, மூடிவிடலாம் என்ற பேச்சு வந்ததும், மூடும் அதிகாரம் எங்களுக்குத்தான் என்று இரண்டு தரப்பும் மல்லுக்கு நின்றோம்.

ஒரு மார்கழிக் காலையில் மூடும் உத்தரவோடு எங்கள் இன்ஸ்பெக்டர் கிளம்பினார். ஃபைல் என் கையில். மலையடிவாரத்துக் காரவள்ளி போய்ச் சேர்ந்தால், அங்கே ஜில்லா போர்டு மெம்பர் ஒருவர், ஆட்கள் தோளில் தூக்கிப் போகும் டோலியில் ஏறிக்கொண்டிருக்கிறார். சமவெளியில் நிறைய நிலபுலம் உள்ள பெரிய விவசாயி. அவர் மடியிலும் ஓர் உத்தரவு! முந்தினவனுக்குத்தான் பள்ளிக்கூடம் என்று இன்ஸ்பெக்டர் ஓட, டோலிக்காரர்கள் துரத்த, மேலே போய்ச் சேர்ந்தபோது இரண்டு கட்சிக்கும் பேச்சு வரவில்லை.

வாசலில் கவுண்டர் நின்றார். உள்ளே இருபத்திமூன்று பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு உத்தரவையும் வாத்தியாரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "இதை மூடிப்போட்டா காரவள்ளிப் பள்ளிக்கூடத்துக்குத்தானுங்க எறங்கோணும். ஏழு வயசுப் புள்ளை தெனம் எறங்கி ஏறுமுங்களா?"

மூட வந்த இருவரும் தங்களுக்குள் சட்டம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

கவுண்டர் தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "மூடறதுன்னா மூடுங்க சாமி. ஆனா ஒரு கதவ ரண்டு பேரு மூட முடியாதுங்களே. யாரு மூடறதுன்னு கோயில்ல கவுளி கேட்டுப்போடலாமுங்க."

கவுளி என்றால் பல்லி. சாமி முன்னால் நின்று கேட்டு, பல்லி சத்தம் கொடுத்தால்தான் அந்தப் பக்கத்தில் கல்யாணமே நிச்சயமாகும். மெம்பர் தன் மகள் கல்யாணத்துக்கே அப்படிக் கேட்டவர், மறுக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்துத் தலையை ஆட்டினார். வலது சுவரில் சொன்னால் போர்டு, இடது சுவரில் சொன்னால் இலாகா. கேட்டு முடித்த பிறகுதான் கவுண்டர் மிச்சத்தைச் சொன்னார்: பதில் வரும் வரை கேட்டவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது.

பல்லி சொல்லவில்லை. பொழுது சாய்ந்தது. சொல்லவில்லை. மறுநாள் காலை இடது சுவர் ஓரமாக "த்சு, த்சு" என்று சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினோம்.

"ஏனுங்க, அது பல்லி இல்லீங்க. நீங்கதானுங்க" என்றார் கவுண்டர். இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

குளிர் தாங்காமல் இருவரும் பள்ளிக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெண் போட்ட கணக்கைத் தப்பு என்றார் இன்ஸ்பெக்டர். "சரியாத்தான போட்டிருக்குது கண்ணு!" என்றார் மெம்பர். அவ்வளவுதான், போட்டி பிடித்துக்கொண்டது. ஒரு மூலையில் இவர் பின்னக் கணக்கு, மறு மூலையில் அவர் நில அளவை. வாத்தியார் நிம்மதியாக வெயில் காய்ந்தார். மறுநாள் காலையில் இருவருமே தாமதமாக வந்தார்கள். கவுண்டர் பெஞ்சைக் காட்டினார். ஏறினார்கள்! பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கொட்டகைக் கூரையே ஆடியது.

நாலாம் நாள், சாமைச் சோறும் குளிரும் இருவரையும் பதம் பார்த்திருந்த நேரத்தில், கவுண்டர் மெதுவாக ஆரம்பித்தார். "சாமி பேசலீன்னா காரியத்தத் தள்ளிப் போடுங்கன்னு அர்த்தமுங்க. பதில் வர்ற வரைக்கும் பள்ளிக்கூடம் நடக்கட்டும்னு எழுதிக் குடுத்துப்போட்டுக் கெளம்புங்க."

யார் கையெழுத்து மேலே என்று அதற்கும் சண்டை போட்டு, பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கொடுத்தார்கள். மூடும் உத்தரவு இரண்டும் என் ஃபைலுக்குள் போயின.

நான் மட்டும் பின்தங்கினேன். "கவுண்டரே, பல்லி ஏனுங்க வாயே திறக்கல?"

"மார்கழிக் குளுருல எந்தப் பல்லி சத்தம் போடும் கண்ணு? மாசி வெயில் வரோணும்."

"அப்ப மாசியில சொல்லிடுமே! மறுபடியும் கிளம்பி வந்துடுவாங்களே!"

"வருவாங்க." என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதுவரை சிரித்த முகம் சிரிக்கவில்லை. "அந்த ஃபைலு உங்கிட்டதான இருக்குது சாமி?"

ஒரு காகிதத்தையும் மறுநாளைக்கு வைக்காதவன் என்று ஆபீசில் எனக்குப் பெயர். மாசி வந்தது. இன்ஸ்பெக்டர் அந்த ஃபைலைக் கேட்டார். தேடுகிறேன் என்றேன். அடுத்த மாசியிலும் தேடினேன். இன்ஸ்பெக்டர்கள் மாறினார்கள், நான் தேடிக்கொண்டே இருந்தேன். மாற்றலாகிப் போன அன்று புதுக் குமாஸ்தாவிடம் ஆபீஸ் முழுவதையும் பத்து நிமிஷத்தில் ஒப்படைத்துவிட்டேன். அந்த ஒரு ஃபைலை எப்படித் தேட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க மட்டும் ஒரு மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு பிடித்துப் போயிருந்தது எனக்கு அந்த மனுஷரை.