பன்னிரண்டாம் இலக்கத்தில் எரிவது எந்த ஊர்

அக்கரப்பத்தனை,
மேல்பிரிவு, ஏழாம் லயம், நாலாம் காம்பரா.
14.07.1997, திங்கட்கிழமை

படம் போட்ட சின்னப் புத்தகங்களை இலவசமாக வெளியிடும் ஊழியத்தின் ஆசிரியர் ஐயா அவர்களின் மேலான சமூகத்துக்கு நாகலெட்சுமி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே மழை விடவில்லை. அங்கே நீங்களும், அச்சுக்கூடத்து ஆட்களும், படம் வரைகிறவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். உங்களுக்கு அது பிடிக்காது என்று தெரியும். பதினாலாம் இலக்கத்தில் சிலை கும்பிடுகிற பெண்ணைக் கடைசிப் பக்கத்தில் எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்தேன். ஆனாலும் வேறு யாரிடம் வேண்டிக்கொள்வது என்று எனக்குப் பழக்கமில்லாதபடியால் அவளிடமே வேண்டிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

ஐயா, நான் உங்கள் சபை ஆள் இல்லை. ஆனால் உங்கள் புத்தகம் நாற்பதில் முப்பத்தொன்று என்னிடம் இருக்கிறது, இந்த மலையில் வேறு யாரிடமும் அவ்வளவு இல்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மகள் வயிற்றில் இருந்தபோது கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்து இடுப்பு போனது, செக்ரோல் என்கிற வேலைப் பேரேட்டில் பேரை வெட்டிவிட்டார்கள், அன்றிலிருந்து வீட்டோடுதான். கடையில் சீனி சுற்றித் தந்த பேப்பரைப் படித்துப் படித்து எழுத்தைத் தேற்றிக்கொண்டேன். அந்தப் பேப்பரில் எந்தக் கதையும் பாதியில் கிழிந்திருக்கும். உங்கள் புத்தகம்தான் முதன்முதலாக முடிவோடு என் கைக்கு வந்தது. முடிவு எப்போதும் நெருப்புதான், இருந்தாலும் முடிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்து இராசரத்தினம் மாஸ்டர்தான் கொண்டுவந்து கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், உங்கள் சபைக்காரர், சாயங்காலம் குடையைப் பிடித்துக்கொண்டு லயம் லயமாக வந்து குடும்பம் இருக்கிற காம்பராவுக்கு ஒன்று என்று கொடுப்பார். மற்றவர்கள் அடுப்புப் பற்ற வைத்தார்கள். நான் எடுத்து வைத்தேன். ஒரு கொப்பியில் கோடு போட்டு, இலக்கம், எத்தனை இருக்கிறது, யார் இரவல் வாங்கினது, எப்போது திருப்பினது என்று எழுதி வைத்தேன். தலைப்பை எழுத மாட்டேன், இலக்கம் மட்டும்தான், இடம் மிச்சம் பாருங்கள். அதுதான் எமனாக வந்தது. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் இஸ்தோப்புத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். நான் வாசிப்பேன், படத்தைக் காட்டுவேன், பிறகு பேசுவோம். ஆறாம் இலக்கத்தில் ஒருவன் செத்துப்போய் மேலே போகிறான், அங்கே பெரிய பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் அவன் பேரைத் தேடுகிறார், இல்லை, உடனே பிடித்துத் தள்ளிவிடுகிறார்கள். இந்தப் படத்துக்கு நீங்கள் நினைத்த அளவு எங்கள் ஆட்கள் பயப்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். பக்கத்துக் காம்பரா அழகம்மா சொன்னாள்: “இது நம்ம பெரட்டுக் களந்தானடி நாகு. விடிஞ்சா இதத்தான பாக்குறோம். பேர் இல்லன்னா வேலையில்ல, போடின்னு வெரட்டுவான். அங்கயும் பொறப்புச் சாச்சிப் பத்திரம் கேப்பானாம்மா? எங்கிட்ட இல்லியே.” எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பத்திரம் இல்லை. இன்னொன்றும் சொன்னாள், உங்கள் படக்காரருக்குத் தெரிவிக்கவும்: “நல்லாப் பாத்தியா? நரகத்துல கெடக்குறவன் பூராவும் கோட்டும் சப்பாத்தும் போட்டிருக்கான். நம்ம ஆளு ஒருத்தன் இல்ல. எல்லாம் தொரமாரு.” அன்றைக்கு எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அது போன மாதம்.

இனி விசயத்துக்கு வருகிறேன். என்னிடம் பன்னிரண்டாம் இலக்கம் மூன்று சேர்ந்துவிட்டது, பதினேழு ஒன்றுகூட இல்லை. நுவரெலியா மரக்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிற நல்லமுத்து என்பவரிடம் பதினேழு இருப்பதாகக் கேள்விப்பட்டு, இரண்டு பன்னிரண்டைக் கொடுத்து ஒரு பதினேழை வாங்கி வரும்படி என் வீட்டுக்காரரை 6ஆம் திகதி ஞாயிறு அன்று அனுப்பினேன். பேரைச் சொல்லக் கூடாது, எழுதலாம் என்று நினைக்கிறேன்: வீரய்யா. அவர் போக மாட்டேன் என்றுதான் சொன்னார். “ஓய்வு ஒரு நாளு. அந்த நெருப்பப் பாக்க நான் பஸ் ஏறிப் போகணுமா?” என்றார். நான்தான் விடவில்லை. இருப்பதையே மறுபடி வாங்கி வந்துவிடக் கூடாது என்று கொப்பியில் இருந்ததை இரவல்காரர் பேர், திகதி உட்பட ஒரு முழுத் தாளில் நன்றாக எழுதி, நல்லமுத்துவிடம் காட்டச் சொல்லி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வைத்தது என் கை.

வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு அவரே கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னது. பையில் என்ன என்று கேட்டதற்குப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார். ஐயா, பன்னிரண்டின் மேலட்டையை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மாடிக் கட்டடங்கள் எரிகின்றன, ஆட்கள் ஓடுகிறார்கள், எழுத்தெல்லாம் தமிழ். நாடு இருக்கிற இருப்பில் அதை ஒரு தமிழன் இரண்டாக வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகலாமா? உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. “இது எந்த ஊர்?” என்று கேட்டிருக்கிறார்கள். “நரகம் மாத்தயா.” “எங்கே இருக்கிறது?” “கீழ.” “எப்போது நடக்கும்?” எங்கள் ஆள் நான் வாசித்ததைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாரே தவிர ஒன்றையும் மறக்கிறவர் இல்லை. “அது சொல்லாமத்தான் வரும் மாத்தயா, யாரும் தப்ப முடியாது” என்று சொல்லியிருக்கிறார். முதல் அடி அப்போதுதான் விழுந்ததாம். நீ வேதக்காரனா என்று கேட்டதற்கு, பயத்தில் ஆமாம் என்றிருக்கிறார். அப்படியென்றால் ஒரு ஜெபம் சொல் என்றிருக்கிறார்கள். கண்ணை மூடி, கையெடுத்துக் கும்பிட்டு, “தாயே மகமாயி” என்று ஆரம்பித்திருக்கிறார். பொய்க்காரன் என்றும் எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் சட்டைப் பையிலிருந்த தாள் அகப்பட்டது. 12, 6, 23 என்று இலக்கங்கள், எதிரே ஆட்களின் பேர்கள், திகதிகள்.

மூன்றாம் நாள் அவரை அடைத்து வைத்திருந்த இடத்துக்கு நான் போனேன், சிங்களம் பேச அழகம்மா கூட வந்தாள். அங்கிருந்த பெரிய அதிகாரி தாளை மேசையில் விரித்து, இது யார் எழுதினது என்றார். நான்தான் என்றேன். அவர் என் கால்களைப் பார்த்தார், பிறகு தாளைப் பார்த்தார். இவ்வளவு சுத்தமாகக் கோடு போட்டு, கட்டம் பிரித்து, திகதி தவறாமல் எழுதியிருப்பது படித்தவன், லயத்துப் பொம்பளை இல்லை, அவன் யார் என்று சொன்னால் புருசனை விடுகிறேன் என்றாராம். அழகம்மா அதைத் தமிழில் சொல்லும்போது அழுதுவிட்டாள். என் வாழ்க்கையில் யாரும் என் எழுத்தைச் சுத்தம் என்று சொன்னதில்லை, இவர்தான் முதல் ஆள். எழுதிக் காட்டுகிறேன் என்றேன். பேனை கொடுத்தார்கள். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் இருமுகிற சத்தம் கேட்டது, அந்த இருமல் எனக்குத் தெரியும், ஆனால் அவ்வளவு ஈரமாக நான் கேட்டதில்லை. எழுத்து கோழி கிளறின மாதிரி வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, பார், இது வேறு கை என்று எழுந்துவிட்டார்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கணேசமூர்த்தி, பெரிய மீசை, நான் போய் ஒரு சத்தம் போட்டால் விடுவான் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். அங்கே தாளைக் காட்டியிருக்கிறார்கள். அதில் மூன்றாவது வரி: 23, கணேசமூர்த்தி, இன்னும் திருப்பவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். ராத்திரியே ஆளை விட்டு இருபத்துமூன்றைத் திருப்பி அனுப்பினார். இரண்டு வருசமாகக் கேட்டது, இப்போது கிடைத்தது.

மாஸ்டரைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை. புத்தகம் கொடுத்தது அவர். நீங்கள் வந்து இது சபைப் புத்தகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவர் வாசலில் போய் நின்றேன். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. “பிள்ளை, என்ரை அடையாள அட்டையிலை எந்த ஊர் கிடக்கு எண்டு தெரியுமோ? நான் அங்கை போனா உங்கடை மனிசனையும் விடாங்கள், என்னையும் விடாங்கள். நான் ஜெபிக்கிறன், அதைத்தான் என்னாலை செய்யேலும்” என்று கதவைச் சாத்திக்கொண்டார். லயம் லயமாக வந்து நெருப்புக்குப் பயப்படு என்று சொன்ன மனிதர், ஒரு மேசைக்கு முன்னால் போய் நிற்கப் பயப்படுகிறார். இவரெல்லாம் எதற்கு ஊழியம் என்று அங்கேயே கேட்டுவிட்டு வந்தேன்.

ஆகையால் ஐயா, உங்களை விட்டால் ஆளில்லை. உங்கள் பேர் அச்சடித்த தாளில், முத்திரை வைத்து, சிங்களத்தில் ஒரு கடிதம் வேண்டும். புத்தகம் உங்களுடையது என்று எழுத வேண்டும். பன்னிரண்டில் எரிவது இந்த நாட்டு ஊர் எதுவும் இல்லை என்றும், அதற்கு நீங்கள் நாள் எதுவும் குறிக்கவில்லை என்றும் எழுத வேண்டும். இலக்கம் என்பது புத்தகத்தின் இலக்கம், வேறொன்றும் இல்லை. தாளை எழுதினது வீரய்யாவின் பெண்சாதி நாகலெட்சுமி. எட்டு நாளாகிறது. சோறு கொண்டுபோனால் வாங்குகிறார்கள், பாத்திரம் திரும்பி வருவதில்லை. மகள் நிஷாந்திக்கு எட்டு வயது, பன்னிரண்டைப் பார்த்துவிட்டு அப்பா அங்கேயா போயிருக்கிறார் என்று கேட்கிறாள்.

உங்கள் ஊழியம் தழைக்கட்டும். அச்சு இயந்திரம் பழுதில்லாமல் ஓடட்டும். படம் வரைகிறவருக்குக் கை நோகாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகுட்டிகளுக்கு உங்கள் சாமியும் எங்கள் அம்மனும் சண்டை போடாமல் சேர்ந்து துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
வீ. நாகலெட்சுமி

பி.கு. (16ஆம் திகதி, புதன்) கடிதம் தபாலில் போகவில்லை, முத்திரைக்கு ஆள் அனுப்பக் காத்திருந்தேன். நேற்றுச் சாயங்காலம் வீரய்யாவை விட்டுவிட்டார்கள். நடந்துதான் வந்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்து. மாஸ்டர் நேற்றுக் காலை தனியாகப் போயிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. தாளை எழுதினது தான்தான் என்று சொன்னாராம். எழுதிக் காட்டச் சொன்னதற்கு அவர் கோடு போட்டு, கட்டம் பிரித்து, அவ்வளவு அழகாக எழுதினாராம். உடனே நம்பிவிட்டார்கள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. பொய் சொன்னவர்களுக்கு உங்கள் புத்தகங்களில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றி உங்களோடு பிறகு ஒரு நாள் வாதாடுவேன்.

மேலே அவரைப் பற்றி எழுதின வரிகளைப் படிக்க வேண்டாம். நான் கோடு போட்டு அடிக்கவில்லை, அடித்தால் வழியில் பிரித்துப் பார்க்கிறவர்கள் என்னத்தை மறைத்தாள் என்று கேட்பார்கள். நான் கேட்ட கடிதத்தை எழுதாதீர்கள் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுதினது நான் என்று நீங்கள் எழுதினால் மாஸ்டர் சொன்னது பொய்யாகும், வீரய்யாவை மறுபடி கூட்டிப் போவார்கள். எழுதாவிட்டால் மாஸ்டர் வர மாட்டார். வீரய்யாவிடம் என்ன செய்ய என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர், “ஒங்கையெழுத்து ஒன்னோடதுதான நாகு” என்றார்.

எழுதுங்கள் ஐயா. எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள், வீரய்யாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதையும் சேருங்கள். மாஸ்டருடைய ஊரை மட்டும் எழுத வேண்டாம். என் விலாசத்துக்கும் அனுப்ப வேண்டாம், பிடித்து வைத்திருக்கிறவர்கள் விலாசத்துக்கே அனுப்புங்கள், அதைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். தபால் போய்ச் சேர ஒரு வாரமாகும், அதுவரைக்கும் பொறுக்க முடியாது, வெள்ளிக்கிழமை கொப்பியை எடுத்துக்கொண்டு நானே போகிறேன். அழகம்மா வருகிறாள். வீரய்யாவால் இன்னும் கையைத் தூக்க முடியவில்லை, பிள்ளைக்கு அடுப்பு எட்டாது. ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும். எத்தனை நாளைக்கு என்று தெரிந்தால் மாவு அளந்து பிசையலாம்.