ஓநாய்க்காக அழுத மருமகள்

இல்லை. புத்தகம் படித்துப் படித்துப் புத்தி பேதலித்து, சம்பந்தம் பேச வந்தவர்களுக்குக் கோப்பை நிறையத் தேநீர் ஊற்றி, நாத்தனாரின் கல்யாணத்தைக் கெடுத்து, மறுவாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருமகள் சல்தனத் ஓடிப்போய்விட்டாள் என்று, நாரின் ஊர் ரொட்டிக் கடை வரிசையில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டு ஜிபார் சொல்வது அத்தனையும் நிஜமில்லை. பாதிதான் நிஜம். கோப்பை நிஜம். பெட்டி நிஜம். புத்தகம் ரொம்பவே நிஜம். ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம், மொத்தம் ஏழு செங்கல். மீதியைக் கேளுங்கள். கேட்ட பிறகும் ஜிபாரைத்தான் நம்புவேன் என்றால் தாராளமாக நம்புங்கள், உங்கள் காது உங்களுடையது.

முதலில் இந்த இனத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு புத்தகத்தை எடுத்து, படித்து, மூடி வைத்துவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவர்கள் வேறு இனம், சாதுக்கள். இது தொகுதி தொகுதியாகப் படிக்கிற இனம். அதிலும் கதையில் ஒரு பெண் வாளை உருவினால்தான் இவர்களுக்கு ரொட்டி தொண்டையில் இறங்கும். அவள் கொல்லன் மகளாக இருக்க வேண்டும், தாய் இல்லாதவளாக இருந்தால் இன்னும் விசேஷம், பறக்கிற பாம்போ பேசுகிற ஓநாயோ பக்கத்தில் நிற்க வேண்டும், அவளைக் காதலிக்கிறவன் அழகாக இருந்தால் போதும், புத்திசாலியாக இருக்கத் தேவையில்லை. சல்தனத் படித்த ‘உப்புக்கோட்டை’ வரிசையின் இல்வாரா அப்படிப்பட்ட ஒருத்தி. அந்த இல்வாரா ஒற்றைக் கையால் மூன்று பூதங்களைச் சாய்ப்பதைக் கண் கலங்கப் படித்துவிட்டு, சல்தனத் முற்றத்தில் இறங்குவாள். அங்கே வான்கோழிச் சேவல் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். சல்தனத் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போவாள். இல்லாத ஒரு நாட்டின் பதினாறு ஆறுகளும் அவளுக்கு மனப்பாடம். சந்தையில் வெங்காயக் கடைக்கு வழி கேட்பாள்.

இந்த இனத்தின் நேரக் கணக்கு தனி. “இந்த அத்தியாயம் மட்டும்” என்றால் பால் பொங்கி அடுப்பு அணைகிற வரைக்கும். “நாலே பக்கம்” என்றால் ரொட்டி கருகி, பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிற வரைக்கும். “இதுதான் கடைசித் தொகுதி” என்றால், அது சுத்தப் பொய். மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு சல்தனத் தேநீர் ஊற்றிய நாட்களில் விரிப்பில் விழுந்த கறைகளை மாமியார் துர்சுன் விரல் விட்டு எண்ணிக் காட்டுவாள். ஒரு கை விரல் போதாது.

மூன்றாம் தொகுதியில் இல்வாராவின் ஓநாய் செத்துப்போயிற்று. சல்தனத் கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். ஜிபார் ஒரு தட்டு நிறையப் பொரித்த மாவுத் துண்டுகளுடன் துக்கம் விசாரிக்க ஓடி வந்தாள்.

“ஐயோ, யாருடி போயிட்டாங்க?”

“ஓநாய், ஜிபார் அக்கா.”

ஜிபார் தட்டைக் கீழே வைக்கவில்லை. துர்சுன்தான் பேச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓநாயா! என் மாமனார் பட்டியில ஒரே ராத்திரியில பதினோரு ஆட்டைக் கிழிச்சுப் போட்ட ஜாதிக்கா நீ அழறே? அதுவும் இந்த வீட்டுல உக்காந்துகிட்டு?”

“இது வேற ஓநாய், அத்தை. இது ஆடு தின்னாது.”

“ஆடு தின்னாதுன்னா செத்துதான் போகும், வேற என்ன ஆகும்?”

துர்சுன் கெட்டவள் இல்லை. பள்ளிக்கூட நாட்களை எல்லாம் மேய்ச்சல் மலையில் ஆட்டோடு கழித்தவள், ஒரு வரி எழுத்துக்கூட்டத் தெரியாது. அதனால் காகிதத்தில் இருப்பது எல்லாமே யாரோ ஒருவர் தன்னை ஏமாற்ற எழுதியது என்று நினைப்பவள். அப்படிப்பட்டவளை இந்த வியாதி எப்படிப் பிடித்தது? பெயர் வைத்ததில் பிடித்தது.

இந்தப் பக்கத்து மருமகள் புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. தானே ஒரு பெயர் சூட்டி அதைத்தான் சொல்ல வேண்டும். மற்ற மருமகள்கள் ‘தங்கக் கைக்காரர்’, ‘பெரிய வீட்டுக்காரர்’ என்று வைத்துவிட்டுப் பிழைப்பைப் பார்ப்பார்கள். நம்முடையவள் புத்தகத்திலிருந்து வைத்தாள். ஆடுகளை எண்ணியபடியே தூங்கிப்போகிற பெரிய மாமனார் ‘வடக்கு வாசல் காவலர்’ ஆனார். துர்சுன் ‘கோட்டை அரசி’ ஆனாள். ஒரு மாதம் தெரு முழுக்க இந்தப் பெருமையைச் சொல்லித் தீர்த்த பிறகுதான் துர்சுனுக்குக் கேட்கத் தோன்றியது.

“அது சரி, அந்த அரசி கதையில என்னதான் பண்றா?”

சல்தனத்துக்குப் பொய் சொல்ல வராது. “அஞ்சாம் தொகுதியில அவ மருமக இல்வாராவை நிலவறையில போட்டுப் பூட்டிடறா, அத்தை.”

மூன்று நாள் துர்சுன் பேசவில்லை. நான்காம் நாள் மாவு பிசைந்துகொண்டே, சுவரைப் பார்த்துக் கேட்டாள்: “அப்படி என்ன தப்பு பண்ணினா அந்த மருமக?”

அவ்வளவுதான். அன்றிலிருந்து துர்சுன் மாவு பிசைவாள், சல்தனத் படித்துச் சொல்வாள். “பொய், எல்லாம் பொய்” என்று நடு நடுவே மாமியார் தலையை ஆட்டுவாள். நிறுத்தினால் மட்டும், “அப்புறம்?” என்பாள். அவள் மகள் பெகாயிமும் ஆப்பிள் நறுக்குகிற சாக்கில் வந்து உட்காருவாள்.

பெகாயிமுக்குப் பத்தொன்பது வயது. பிஷ்கெக் நகரத்துச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது, செப்டம்பரில் வகுப்பு. துர்சுனோ ஆகஸ்டுக்குள் கல்யாணம் என்று முடிவு கட்டியிருந்தாள். முந்நூறு ஆடும் இரண்டு மாடி வீடும் உள்ள குடும்பம் கேட்டு வந்திருக்கிறது, விடலாமா? பெகாயிம் அழுது பார்த்தாள். சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். துர்சுன் அசையவில்லை. நிலவறைக் கதவை மூடிய அரசியை வாய் நிறையத் திட்டுகிறவளுக்கு, தன் இடுப்பில் தொங்கும் சாவி கண்ணில் படவே இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஆடு வெந்தது. தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் அருகே மருமகள் சல்தனத், முழங்காலுக்கு அடியில் ஆறாம் தொகுதி. மாப்பிள்ளையின் அம்மா, ஏழு மடிப்புக் கழுத்துக்காரி, பெகாயிமை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“படிப்பு எதுக்குங்க? எங்க வீட்டுல ஒம்பது பேரு. ஒம்பது பேருக்கும் முகம் கோணாம டீ ஊத்தினாலே அது பெரிய படிப்பு. ஊசி போடறதுக்கு எங்களுக்கு மாட்டு வைத்தியர் இருக்காரு.”

பெகாயிம் அண்ணியைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

விருந்தாளிக்குக் கால் கோப்பை ஊற்றினால், “இருங்கள், ஊற்றிக்கொண்டே இருக்கிறேன்” என்று அர்த்தம். விளிம்பு வரை ஊற்றினால், “குடித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.” இது நாரினில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். சல்தனத் நீட்டிய கோப்பை விளிம்பு வரை இருந்தது.

ஏழு மடிப்பும் சிவந்தன.

“கெளம்பச் சொல்றியாம்மா?”

“ஐயையோ, கவனிக்கல, மன்னிச்சுக்கங்க” என்று கோப்பையை வாங்கிக் கொட்டிவிட்டு, சல்தனத் மறுபடி ஊற்றி இரண்டு கையாலும் பணிவாக நீட்டினாள். மறுபடி விளிம்பு வரை.

விருந்தாளிகள் விருந்து முடிந்ததாகக் கையை முகத்தில் தடவி ஆமீன் சொல்லிவிட்டு எழுந்தார்கள். இறைச்சி பாதிதான் தீர்ந்திருந்தது.

துர்சுன் போட்ட சத்தத்தில் வான்கோழி கூரைமேல் ஏறிக்கொண்டது. “ஏழு செங்கல்! ஏழு செங்கல் என் குடும்பத்தை இடிச்சுது! ஒண்ணு அது இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நீ இருக்கணும்! மடியில புத்தகம், கையில கோப்பை, கண்ணு எங்கேயோ...” என்று கத்திக்கொண்டே விரிப்பை உதற எடுத்தவள் நின்றாள். கையால் தடவிப் பார்த்தாள். வெள்ளை விரிப்பு. இரண்டு கோப்பை, இரண்டும் விளிம்பு வரை. ஒரு துளி சிந்தவில்லை.

கவனிக்காத கை அப்படி ஊற்றுமா? நீங்களே ஊற்றிப் பாருங்கள்.

துர்சுன் மருமகளைப் பார்த்தாள். மருமகள் தரையைப் பார்த்தாள். விரிப்பை நான்காக மடித்து, எட்டாக மடித்து, இனி மடிக்க இடமில்லை என்று ஆன பிறகு துர்சுன் ஆட்டுப் பட்டிக்குப் போனாள். ஆறு நாள் யாரோடும் பேசவில்லை. கதை கேட்கவும் இல்லை. அதுதான் வீட்டில் எல்லோரையும் பயமுறுத்தியது.

ஏழாம் நாள் காலை ரொட்டி வாசனை வந்தது. சல்தனத்தின் கணவன் எசென் பிஷ்கெக் போகும் தன் சிறு பேருந்தை வாசலில் நிறுத்திவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெகாயிம் பெட்டியோடு வந்தாள். பின்னால் சல்தனத், அவளும் பெட்டியோடு. நாத்தனாருக்கு அறை பார்த்து, அடுப்பு பார்த்து, நகரத்தில் கால் ஊன்ற வைக்கிற வரைக்கும் கூட இருப்பதாக அவளே முடிவு செய்திருந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தெருவே வேலியில் சாய்ந்து நின்றது, ஜிபார் முதல் வரிசையில்.

துர்சுன் வாசற்கதவை அகலத் திறந்து, புது ரொட்டியை மகளின் வாயருகே நீட்டினாள். “கடி.”

தூர வழி போகிறவர்கள் ஒரு கடி கடித்துவிட்டுப் போவார்கள். மிச்ச ரொட்டி அவர்கள் திரும்பி வந்து தின்னுகிற வரைக்கும் சுவரில் தொங்கும். பெகாயிம் அழுதுகொண்டே கடித்தாள். துர்சுன் ரொட்டியைத் திருப்பி, கடிக்காத பக்கத்தை மருமகளிடம் நீட்டினாள்.

“நீயும்தான். என்ன முழிக்கிறே? பல்லு இல்லையா?”

சல்தனத் கடித்தாள். பெரிய கடி. “பனி விழறதுக்குள்ள வந்துடறேன், அத்தை.”

“வராட்டி வான்கோழியை அனுப்பறேன். அந்த ஏழாவது செங்கல் எங்கே?”

“உள்ளே பலகை மேல. நான் இன்னும் பிரிக்கல. வந்து உங்களுக்குப் படிச்சுச் சொல்றேன்.”

ஏழாம் தொகுதியைப் பிரிக்காமல் விட்டுவிட்டுப் போனாள்! இந்த இனத்தில் இதுவரை யாரும் செய்யாத தியாகம் இது. இதை ஜிபார் ரொட்டிக் கடை வரிசையில் சொன்னாளா? சொல்ல மாட்டாள். ஏன் என்று கேளுங்கள். வண்டி தெருமுனை திரும்பியதும் துர்சுன் வேலிப் பக்கம் பார்த்து, “ஏய் ஜிபார், உனக்கு ருஷ்ய எழுத்து படிக்க வரும்ல? உள்ளே வா. அந்த அரசி கதவைத் திறந்து விட்டாளா இல்லையான்னு மட்டும் பார்த்துச் சொல்லு” என்றாள்.

“எனக்கு வேலை கெடக்கு. ஒரே ஒரு பக்கம்தான், ஆமா” என்றாள் ஜிபார்.

சாயங்காலம் ஜிபாரின் அடுப்பில் பால் பொங்கி வழிந்த நாற்றம் தெரு முழுக்க அடித்தது.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? உங்களுக்குப் பூதம் வேண்டாம், பறக்கிற பாம்பு வேண்டாம், ஏழு தொகுதியைத் தூக்க உங்கள் கையில் பலமும் இல்லை என்பீர்கள். சரி. ஆனால் அந்த அரசி கதவைத் திறந்தாளா என்று இந்த நிமிஷம் மனசு கேட்கிறதே, அதுதான் முதல் அறிகுறி. போய் அடுப்பைப் பாருங்கள்.