பட்டர் கேக்கும் ஒரு கறுப்புக் குடையும்

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நீயும் உன் வீட்டில் இருப்பவர்களும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 'உன் வீட்டில் இருப்பவர்கள்' என்பதில் என் மகளும் சேர்த்தி. அவளைத் தனியாகக் குறிப்பிட வேண்டாம் என்று நினைத்தேன், குறிப்பிட்டுவிட்டேன். இங்கு நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நேற்று முன்தினம் அலுவலகத்தில் நடந்ததை உன் அண்ணி இந்நேரம் போனில் உனக்குச் சொல்லியிருப்பாள், அதுவும் அவள் பாணியில் சொல்லியிருப்பாள் என்பதால், உண்மையில் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். பதினான்கு வருடங்களுக்கு முன் என் கறுப்புக் குடையை எடுத்துப்போய் இன்றுவரை திருப்பித் தராதவளுக்கு இவ்வளவு விளக்கம் எழுதுவது என் பெருந்தன்மை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் பால், முட்டை, மீன் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி வீகன் உணவுக்கு மாறிக்கொண்டிருப்பது டாக்டரின் உத்தரவால். வேறு யாருக்காகவும் இல்லை. மூன்று மாதங்களுக்கு முன் வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்று எழுபது காட்டியது. என்னைவிட இருபது வயது சின்னவரான அந்த டாக்டர், "இனிமே சாப்பாட்டுல கண்டிப்பா இருக்கணும் சார்" என்றார். எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் முப்பது வருடமாக வேலை செய்பவனுக்குக் கண்டிப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றே ஒரு அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இரண்டு வாரத்துக்கு ஒரு பொருளை நிறுத்துவது. படிப்படியாக, முறையாக.

முதல் இரண்டு வாரம் பால். அதற்குப் பதிலாக ஓட்ஸ் பால் டப்பா வாங்கி தினமும் மூன்று டம்ளர் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது, ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. "சர்க்கரை சேர்த்திருக்குன்னு டப்பாவுலயே போட்டிருக்கேங்க" என்று உன் அண்ணி இருபதாம் நாள் சொல்கிறாள். பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். எழுத்து பொடியாக இருக்கிறது என்று எத்தனை தராசுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் தெரியுமா? அடுத்து முட்டை. காலையில் இரண்டு முட்டை போன இடத்தில் நான்கு துண்டு ரொட்டியும் ஜாமும் வந்து உட்கார்ந்தன. அதற்கடுத்து மீன் போனது, உருளைக்கிழங்கு வந்தது. சர்க்கரை இருநூற்று நாற்பது. சர்க்கரை பார்க்கும் கருவிதான் பழுது என்று வேறொன்று வாங்கினேன், அது இருநூற்று நாற்பத்தாறு காட்டியது. "உருளைக்கிழங்கும் செடியில விளையறதுதானேன்னு என்கிட்ட வாதாடி ஜெயிச்சிடுறீங்க. உங்க ரத்தம் கேக்க மாட்டேங்குதே!" என்றாள் உன் அண்ணி. இந்த வாயெல்லாம் உங்கள் வீட்டுக்குப் போய்வந்த பிறகு வந்தது.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். பயறு, பருப்பு, காய் என்று நேரம் தவறாமல் சாப்பிடச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் ரொட்டி, ஜாம், கிழங்கு மூன்றையும் ஒரே நாளில் ஒழித்துக்கட்டி, அந்த இடத்தில் எதையும் வைக்காமல், மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, அரை வெள்ளரிக்காயோடு அலுவலகம் போனேன். அன்று அரைக்கிலோவின் பணி ஓய்வு நாள். அரைக்கிலோ யாரென்று உனக்குத் தெரியும். எனக்கு வர வேண்டிய அதிகாரி நாற்காலியில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தவர். அந்தப் பட்டப்பெயரை வைத்தவனே நான்தான். கூட்டத்துக்கு வர வேண்டாமென்றுதான் இருந்தேன். வராவிட்டால் பொறாமை என்பார்கள் என்று வந்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு மாதமாக நான் அலுவலகத்தில் யாரையும் நிம்மதியாக டீ குடிக்க விடவில்லை. யார் பால் ஊற்றினாலும் பின்னால் நின்று, "அது கன்னுக்குட்டியோட பங்கு" என்பேன். அந்த வாக்கியம் என்னுடையது அல்ல. யாருடையது என்று உனக்குத் தெரியும்.

அரைக்கிலோவைப் பாராட்டி யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வியர்த்தது, மேஜை இரண்டாகத் தெரிந்தது. என் எதிரில் அவர் பெயரை க்ரீமில் எழுதிய கேக். இன்னும் வெட்டவில்லை. என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை, பார்த்தவர்கள் சொல்கிறார்கள்: எழுந்து, கையை விட்டு, அரைக்கிலோவின் பெயரில் பாதியை அள்ளி வாயில் போட்டிருக்கிறேன். "சார்! சார்! அது பட்டர் கேக் சார்! முட்டை போட்டது!" என்று தட்டச்சுக்காரம்மா கத்தியது மட்டும் காதில் விழுந்தது. பாவம், என் கொள்கையைக் காப்பாற்றத்தான் கத்தினாள். அரைக்கிலோதான் முதலில் ஓடிவந்தார். என்னைப் பிடித்து உட்காரவைத்து, மீதிப் பெயரையும் தன் கையால் பிய்த்து ஊட்டி, "முழுங்குங்க சார். எனக்கும் பன்னெண்டு வருஷமா சுகர்தான். இது லோ ஆகிறது, சரியாயிடும்" என்றார். ஒன்பது வருடம் அடுத்த அறையில் இருந்தவருக்குச் சர்க்கரை என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால்தானே தெரியும். "மாத்திரைய கூட்டினது சாப்பிடுறதுக்குத்தான் சார், பட்டினி கிடக்கறதுக்கு இல்ல" என்று மாலையில் டாக்டர் திட்டியதை நான் வாங்கிக்கொண்டேன். அரைக்கிலோ திட்டாததுதான் தொண்டையில் நிற்கிறது.

வாயெல்லாம் க்ரீமோடு நான் உட்கார்ந்திருந்தபோது சுற்றி முப்பது பேர் நின்றார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அப்போதுதான் அந்தச் சாப்பாட்டு மேஜை ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன், விருந்தாளிகள் எதிரில், இப்போது உன் வீட்டில் இருக்கும் என் மகள் தனக்குப் பாலும் முட்டையும் வேண்டாம் என்று சொல்லி, கன்றுக்குட்டியின் பங்கு பற்றி மெதுவாக ஏதோ சொல்ல, நான் உள்ளே போய் ஒரு கட்டுக் கீரையை ரப்பர் பேண்டோடு கொண்டுவந்து அவள் தட்டில் வைத்து, "ஆட்டுக்குட்டிக்குத் தழை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அழவில்லை. ரப்பர் பேண்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, கீரை வாடாமல் இருக்க ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நீ அவளைச் சேர்த்துக்கொண்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சேர்த்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அதையும் மன்னித்திருக்க மாட்டேன்.

நிற்க. அட்டவணையில் கடைசிக் கட்டம் தயிர். அதைத்தான் விட முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். வரும் ஞாயிறோடு அதுவும் இந்த வீட்டில் இருக்காது. உன் அண்ணி பயறு வேகவைப்பாள், நான் காய் நறுக்குவேன், மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு. இதை ஒரு தகவலாகத்தான் எழுதுகிறேன். மழைக்காலம் வருவதால் என் குடையை அன்று கொடுத்தனுப்பினால் நல்லது. உனக்கு வேலை இருக்கும், நீ அலைய வேண்டாம். வீட்டில் சும்மா இருப்பவர் யாரிடமாவது கொடுத்தனுப்பு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும், உங்கள் ரத்தத்தில் எல்லாம் அளவோடு இருக்கட்டும் என்று வாழ்த்தும்,

அண்ணன்.

பி.கு.: மடிப்பதற்கு முன் உன் அண்ணி இதை வாங்கிப் படித்தாள். "டாக்டர் எப்பங்க பாலை நிறுத்தச் சொன்னாரு? தினம் ஒரு முட்டை சாப்பிடுங்கன்னுதானே சொன்னாரு?" என்றாள். அது உண்மைதான். அவர் இனிப்பை மட்டும்தான் நிறுத்தச் சொன்னார். குடையும் அப்படித்தான், அதற்குப் பிறகு நான் இரண்டு வாங்கிவிட்டேன். தேட வேண்டாம். அவளை மட்டும் அனுப்பு.