அப்பா போட்டால்தான் எரியும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே அப்பாவின் கண்களைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் அண்ணியும் நலம் என்றே எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் அப்பாவுக்குக் கண் மங்க மங்கக் காது கூர்மையாகிக்கொண்டே போகிறது. மாடியில் நான் பெருமூச்சு விட்டால் கீழே இருந்து "என்னம்மா?" என்கிறார். அதனால்தான் கடிதம்.

நீ அங்கே ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டாய். இனியும் தள்ளிப்போட்டால் பார்வை திரும்புவது சந்தேகம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். போன வாரம் நம் இரும்புக் கடைக்குத் தாழ்ப்பாள் கேட்டு வந்தவருக்கு அப்பா எலிப்பொறியை எடுத்துக் கொடுத்து, "நல்லா பிடிக்கும், அழுத்திப் பாருங்க" என்று வேறு சொல்லியிருக்கிறார். அவரும் அழுத்திப் பார்த்தார். மறுநாள் விரலில் கட்டோடு வந்து தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டு போனார். அப்பாவிடம் இந்த ஊர் கோபித்துக்கொள்வதே இல்லை. இவ்வளவு ஆனபிறகும் ஆபரேஷனுக்குக் கிளம்புங்கள் என்றால், "நான் போயிட்டா லைட்டை யார் போடுறது?" என்று நாற்காலியை விட்டு அசையமாட்டேன் என்கிறார்.

உனக்கு ஞாபகம் இருக்கும். நம் கடைத்தெருவுக்கு முதன்முதலாகத் தெருவிளக்கு வந்தபோது, சுவிட்சை எங்கே வைப்பதென்று தெரியாமல் நம் கடைச் சுவரில் வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அப்பா எந்த மாலையும் வெளியூரில் இருந்ததில்லை. என் கல்யாணப் படத்தில் அவர் மட்டும் மூச்சிரைக்க நிற்பது, நடுவில் ஓடிப்போய் லைட்டைப் போட்டுவிட்டு வந்ததால்தான். யாருக்கு ஏணி வேண்டுமானாலும் நம் கடை ஏணிதான். பஸ்ஸுக்குக் காத்திருப்பது நம் கடை பெஞ்சில். அந்த பஸ் இங்கே நிற்பதே அப்பா ஓயாமல் மனுப் போட்டதால்தான். ஊர் வளர்ந்து ரயில் பாதையையும் தாண்டிப் போய்விட்டது. எங்கே விளக்கு எரிந்தாலும் தன் விரல் பட்டுத்தான் எரிகிறது என்று அப்பா நம்புகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நகராட்சி மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா. தலைவரிடம் கெஞ்சி அதை ஏற்பாடு செய்ததே நான்தான். "உங்கள் சேவைக்கு நன்றி, இனி ஓய்வெடுங்கள்" என்று மேடையில் ஒரு கேடயத்தைக் கொடுத்துவிட்டால் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். விழா தொடங்கும் முன் நகராட்சியின் புது இன்ஜினியர் என் காதருகே குனிந்து, "மேடம், அந்த சுவிட்சுக்கு கனெக்‌ஷனே கிடையாது. எல்லாம் ஆட்டோமேட்டிக் ஆகி வருஷக்கணக்காச்சு, இருட்டினா தானா எரியும். நான் பேசறப்போ சொல்லிடறேன், அப்பாவுக்கும் கவலை விட்டுச்சு" என்றார். சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். "உண்மையைச் சொல்றதுல என்ன மேடம் தப்பு?" என்று மேடை ஏறிவிட்டார். ஒரு மனுஷன் வாழ்நாளெல்லாம் முதுகைச் சாய்த்திருந்த சுவரை, அது சுவரே இல்லை என்று மைக் வைத்துச் சொல்வதா? "உண்மையில் அந்த சுவிட்சு..." என்று அவர் ஆரம்பித்ததும், கல்லூரியில் பாடம் நடத்துகிற உன் தங்கை, மேடையோரமாகத் தவழ்ந்து போய் மைக் ஒயரைப் பிடுங்கினாள். அது மைக் ஒயர் இல்லை. படாரென்று ஒரு பொறி பறந்தது. மண்டபம் தொடங்கிக் கடைத்தெரு முழுக்க இருட்டு.

அந்த இருட்டில் மருந்துக்கடைக்காரர் கத்தினார்: "லைட்டு ஐயா, போய்ப் போடுங்க! நீங்க போட்டாத்தான் எரியும்!" கூட்டமும் சேர்ந்துகொண்டது. அப்பா எழுந்தார். அவருக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும் ஒன்றுதான் என்பதால் அவர் ஒருவர்தான் எதிலும் முட்டிக்கொள்ளாமல் நடந்தார். தலைவர் அவர் சட்டையைப் பிடித்துக்கொள்ள, தலைவர் சட்டையை மருந்துக்கடைக்காரர் பிடித்துக்கொள்ள, ஊரே ரயில் பெட்டி மாதிரி பின்னால் போனது. "ஏதாவது பண்ணித் தொலைங்களேன்" என்று நான் சீற, இன்ஜினியர் மின்கம்பத்தைப் பார்த்து ஓடினார். அப்பா கடையைத் திறந்து, துழாவாமல் கையை நீட்டி, சுவிட்சைத் தட்டினார். அதே நொடியில் தெரு முழுக்க வெளிச்சம்! அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவரை இந்த ஊர் ஒருநாளும் விடாது" என்று அறிவித்தார். ஆக, அப்பாவை அனுப்பிவைக்க நான் நடத்திய விழாவில் அவரை நிரந்தரம் ஆக்கிவிட்டேன்.

அதனால் அண்ணா, நீயே நேரில் வந்து கூட்டிக்கொண்டு போ. சுவிட்சைப் பற்றி மட்டும் மூச்சுவிடாதே. நான் சொல்லிக்கொடுப்பதால்தான் என் மாணவிகள் படிக்கிறார்கள் என்று நானும்தான் தினமும் வகுப்புக்குப் போகிறேன். என் சுவிட்சில் கம்பி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க எனக்கே தைரியம் இல்லை. அப்பா திரும்பி வரும்வரை நானே மாலையில் போய்ப் போடுகிறேன் என்று அவரிடம் சத்தியம் பண்ணுகிறேன். நீ பக்கத்தில் சாட்சிக்கு நில், போதும்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளை இங்கிருந்தே கட்டிக்கொள்கிறேன்.

உன் தங்கை

பின்குறிப்பு: "அண்ணனுக்கா எழுதுற? படி, கேப்போம்" என்றார் அப்பா. சுவிட்சு விஷயத்தை விட்டுவிட்டுப் படித்தேன். "ரெண்டு தாளைச் சேர்த்துப் புரட்டுறியே. எனக்குக் கண்ணுதானே மங்கல்?" என்றார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் படித்தேன். நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். "அடி அசடு, அவங்க அந்தக் கம்பியைக் கழட்டினப்போ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவனே நான்தான்." 

"அப்புறம் எதுக்குப்பா தினமும் போடுறீங்க?" 

"உங்கண்ணன் வா வான்னு கூப்பிட்டா, வரலைன்னு சொல்றதுக்கு ஒரு காரணம் வேணாமா?" என்றார். பிறகு மெதுவாக, "கண்ணுல கத்தி வைப்பாங்களாமே, வலிக்குமாம்மா?" என்றார். கூடவே வந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றதும் சரி என்றுவிட்டார். ஆகவே நீ வர வேண்டாம், சனிக்கிழமை நாங்களே வருகிறோம். சுவிட்சைப் போடும் பொறுப்பை இன்ஜினியர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். நான் சிரித்ததற்கு, "எதுக்கும் போட்டு வைக்கிறேன் மேடம். அன்னைக்கு லைட் எரிஞ்சப்போ நான் கம்பத்துகிட்ட போய்ச் சேரவே இல்லை" என்றார்.