ஆமைக்கு முன்னே வந்த ரத்தம்

ஒரு காட்டில் மருத்துவக் கல்லூரி ஒன்று இருந்தது. காட்டுக்கு நடுவில் கல்லூரி எதற்கு என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சீட் கொடுத்து உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்தக் கல்லூரியில் எச்.ஐ.வி. பற்றித் தெரியாத பிராணி கிடையாது. தொட்டால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது, கொசு கடித்தால் பரவாது என்று எல்லாரும் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். கொசுவும் படித்தது. அந்தக் கடைசிப் பதிலை மட்டும் அது கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

கல்லூரிக்குப் பின்னால் ஓர் அறை. யார் வேண்டுமானாலும் தாமாக வந்து எச்.ஐ.வி.க்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். காசு கிடையாது, கட்டாயமும் கிடையாது. அதற்குத் 'தைரிய மையம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் போக ஒருவருக்கும் தைரியம் இல்லை. வாசலில் கிடந்த பெஞ்சைச் சுற்றிப் புல் மளமளவென்று வளர்ந்திருந்தது. மானும் முயலும் எருமையும் படிக்கிற இடத்தில் யாரும் வாய் வைக்காத புல் அது ஒன்றுதான்.

உள்ளே ஆலோசகராகத் தேவாங்கு உட்கார்ந்திருந்தது. மெதுவாகப் பேசும். யாரையும் தோண்டிக் கேட்காது. கண்தான் பெரியது. "அந்தக் கண்ணைப் பார்த்தாலே நமக்கு ஏதோ இருக்கிற மாதிரி தோணுது" என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். வாசலில் நின்று பெயர் கூப்பிடும் வேலை மயிலுக்கு. பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று எடுத்துவிட்டார்கள். குரலை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலை, மூன்றாம் வருட மாணவியான சருகுமான் வார்டில் ஓர் ஓநாய்க்கு ரத்தம் எடுத்தது. அந்தச் சருகுமானின் பெயர் மின்னல்கொடி. ரத்தம் எடுத்த ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது, அப்படியே டப்பாவில் போட வேண்டும். இதை மின்னல்கொடி படித்திருந்தது. ஜூனியர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருந்தது. அன்றைக்கு மூடி போடப் போனது. ஊசி குளம்புக்கு மேலே ஏறிவிட்டது.

"ஐயா, உங்களுக்கு..." என்று ஓநாயிடம் ஆரம்பித்தது.

"எனக்கு என்ன?" என்றது ஓநாய். பல் எல்லாம் தெரிந்தது.

"ஒண்ணுமில்லைங்கய்யா."

மின்னல்கொடியின் அறைத்தோழி மரநாய். கோமளம் என்று பெயர். எச்.ஐ.வி. விழிப்புணர்வுப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. பரிசாகக் கிடைத்த டிபன் கேரியரில்தான் இரண்டும் சாப்பிடும்.

"உடனே போய் டெஸ்ட் எடுத்து மாத்திரை ஆரம்பிச்சிரணும்டி" என்றது கோமளம். "சீக்கிரம் ஆரம்பிச்சா தப்பிச்சிரலாம். நான் இதைத்தான் பேசினேன், அப்படிக் கைதட்டினாங்க."

"கூட வாயேன்."

"நானா? அந்த வாசலுக்கா? என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"பேசும்போது வாங்க வாங்கன்னு கூப்பிட்டியே?"

"அது மேடைடி."

அன்று மத்தியானம் கோமளம் கேரியரின் மேல்தட்டைக் கழற்றித் தனக்கென்று வைத்துக்கொண்டது. "எனக்கு ஜலதோஷம். உனக்கு ஒட்டிக்கும்" என்றது.

மின்னல்கொடி தனியாகப் புல்லுக்குள் ஊர்ந்து போய்த் தைரிய மையத்தின் உள்ளே நுழைந்தது.

"யாருக்கும்மா?" என்றது தேவாங்கு.

"எனக்கு இல்லை சார். சிநேகிதன் ஒருத்தனுக்கு. ஊசி குத்திருச்சு."

"அவரை வரச் சொல்லும்மா."

"அவன் ஆமை சார். மெதுவாத்தான் வருவான்."

"ரத்தம் வேணுமே."

"ரத்தத்தை முன்னாடி அனுப்பியிருக்கான்" என்று மின்னல்கொடி தன் காலை நீட்டியது.

தேவாங்கு அந்தக் காலைப் பார்த்தது. ஆமையின் கால் அப்படி இருக்காது. "சரிம்மா. அவர் பேரு?"

"ஓடையப்பன்."

ஓடையப்பன் என்று நிஜமாகவே ஓர் ஆமை இருந்தது. மின்னல்கொடியின் வகுப்புதான். அக்கா கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனது. அது ஊர் போய்ச் சேர்ந்தபோது அக்கா குழந்தைக்குக் காது குத்திக்கொண்டிருந்தார்கள்.

"நண்பருக்கு இப்போ ரத்தத்துல ஒண்ணும் இல்லை. ஆனா குத்தின உடனே தெரியாது, மாத்திரை போட்டாகணும். அவர் சார்பா நீயே முழுங்கிட்டுப் போ. தினம் வரணும். நடுவுல விட்டா எல்லாம் வீண்" என்றது தேவாங்கு.

மின்னல்கொடி முழுங்கியது. அது வெளியே வருவதற்குள் மயில் வேலையை ஆரம்பித்துவிட்டது.

"ரகசியம் காக்கப்படும்! ஓடையப்பன்! ரத்தம் சுத்தம்!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது.

கேட்டுக்கொண்டிருந்த கல்லூரிக்கு ஒரு வழி பிறந்தது. வார்டில் எப்போதோ குத்திய ஊசி, ஊரில் எப்போதோ செய்த காரியம் என்று எல்லாருக்கும் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டுதான் இருந்தது. மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் ஊர்ந்து வந்தன. நரி வந்தது. முள்ளம்பன்றி வந்தது. யானை கூட வந்தது. புல்லில் மறைந்திருப்பதாக அது முழுசாக நம்பியது. கோமளம் டிபன் கேரியர் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு வந்தது. யாருக்கு என்று கேட்டால், சிநேகிதனுக்கு. பெயர் கேட்டால், ஓடையப்பன்.

"ரகசியம் காக்கப்படும்! ஓடையப்பன்!" என்று மயில் காலை முதல் மாலை வரை கத்தியது.

ஓடையப்பன் ஒருவழியாக லட்டு டப்பாவோடு திரும்பி வந்தது. கேன்டீனில் டப்பாவைத் திறந்து நீட்டியது. ஒருவரும் எடுக்கவில்லை.

"எத்தனை தடவைடா பார்ப்பே?" என்றது நரி. "போதும்னு தோணலையா?"

"எதைப் பார்த்தேன்?"

"நடிக்காதே. மலைக்கே தெரியும்."

ஓடையப்பனின் கட்டிலை வார்டன் வராந்தாவில் போட்டுவிட்டது. அடுத்த வாரமே டீன் காட்டெருமை மண்டபத்தில் விசாரணை வைத்தது.

"ஓடையப்பா, உனக்கு நோய் இல்லை" என்றது டீன்.

"சந்தோஷம் சார்."

"என்ன சந்தோஷம்? ஒரு தடவை இல்லைன்னு வந்தா நம்பலாம். தினம் தினம் இல்லைன்னு வருதே, இடிக்குதே. ஒண்ணும் செய்யாதவன் இப்படிப் போய்ப் போய்ப் பார்ப்பானா?"

"நான் ஊர்லயே இல்லை சார்."

"ஊர்ல இல்லாமலே இவ்வளவு பார்த்திருக்கே!"

மண்டபமே தலையாட்டியது. ஓடையப்பனைக் கல்லூரியை விட்டு நீக்குவது, அந்தப் பெயருக்குத் தைரிய மையத்தில் இனிமேல் எதுவும் கொடுப்பதில்லை என்று டீன் தீர்ப்புச் சொன்னது.

மின்னல்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் முழுங்க வேண்டிய மாத்திரை மிச்சம் இருந்தது. அது பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமளத்தைப் பார்த்தது. கோமளம் கூரையைப் பார்த்தது. மின்னல்கொடி எழுந்து நின்றது.

"சார், அது அவன் ரத்தம் இல்லை. என்னோடது."

"எல்லாமா?"

"என்னோடது கொஞ்சம்தான் சார். மத்தது..." என்று திரும்பிப் பார்த்தது.

நரி கூரையைப் பார்த்தது. முள்ளம்பன்றி கூரையைப் பார்த்தது. யானையும் பார்த்தது. இத்தனை பேர் பார்ப்பதைக் கண்டு கூரையில் இருந்த பல்லிக்குக் கூச்சமாகிவிட்டது.

"ஒத்துக்கிட்டது ஒருத்திதான். அப்போ எல்லாமே உன்னோடதுதான்" என்று டீன் முடித்தது.

உண்மை வெளிவந்ததால் நியாயமும் கிடைத்தது. ஒரு தடவை கூடப் பரிசோதனை செய்துகொள்ளாத உத்தமன் என்று ஓடையப்பனுக்கு மாலை போட்டார்கள். எச்.ஐ.வி. விழிப்புணர்வு மன்றத்துக்குத் தலைவராகவும் ஆக்கினார்கள். மின்னல்கொடிக்கு மாத்திரையைச் சொந்தப் பெயரில் வாங்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. உட்கார அந்த வாசல் பெஞ்சும் கிடைத்தது.

பக்கத்தில் யாரும் வராததால் மின்னல்கொடி பாடம் படித்துக்கொண்டே புல்லை மேய்ந்தது. நல்ல ருசி. மாத்திரை முடிந்தது. பிறகு தேவாங்கு சொன்ன நாளில் கடைசிப் பரிசோதனையும் முடிந்தது. "மின்னல்கொடி! ரத்தம் சுத்தம்!" என்று மயில் கத்தியது. மின்னல்கொடி பெஞ்சில் படுத்து நிம்மதியாக ஒரு மூச்சு அழுதது. மற்றவர்கள் ஜன்னலை மூடிக்கொண்டார்கள்.

புல்லும் அநேகமாகத் தீர்ந்தது. ஒளிந்து வர இடம் இல்லாததால் தைரிய மையத்துக்கு வருவதை எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மத்தியானம், வாசலுக்கு நேராக ஒரு பாறை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தது. படியேறி உள்ளே போனது. பாறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சார், எனக்கு இல்லை. முதல் வருஷத்துலயே ஊசி குத்தின சிநேகிதி ஒருத்திக்கு."

"பேரு?" என்றது தேவாங்கு.

கழுத்து மெல்ல வெளியே வந்து பெஞ்சுப் பக்கம் பார்த்தது. பெஞ்சில் மின்னல்கொடி கடைசிப் புல்லை மென்றுகொண்டிருந்தது. கழுத்து உள்ளே போய்விட்டது.

"மின்னல்கொடி" என்றது பாறை.

தேவாங்கு பெரிய கண்ணை வெளியே திருப்பியது.

"போட்டுக்கோங்க சார்" என்றது மின்னல்கொடி. "ஏற்கெனவே கெட்ட பேருதானே, வீணாப் போகாது."

மயில் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ரகசியம் காக்கப்படும்! மின்னல்கொடி!"

நீதி: ஊசிக்கு மூடி போடக் கூடாது. பெயருக்குப் போடலாம், நண்பனின் பெயர் கச்சிதமாகப் பொருந்தும்.